அறைக்கு எத்தனை டன்?

மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் நம் அங்கத்தினர் பலருடைய வீடுகளில் ஒரு யோசனை தலைகாட்டுகிறது. இவ்வாண்டாவது படுக்கை அறைக்கு ஓர் ஏ.சி. யந்திரம் வாங்கிவிடலாமா என்பதே அது. கடைக்குச் சென்றால் விற்பனையாளர் கேட்பது ஒரே கேள்விதான்: அறை எத்தனை சதுர அடி? 120 என்று விடை சொன்னால், மாடி அறையா என்று மட்டும் விசாரித்துவிட்டு, "அப்படியானால் ஒன்றரை டன் போட்டுவிடுங்கள், பின்னால் குறைப்பட வேண்டியிராது" என்று முடித்துவிடுகிறார். தவணைப் பத்திரமும் உடனே எழுதப்படுகிறது. நூல் வாங்கும்போது நம்பரும் எடையும் பார்க்கிறோம். உரம் வாங்கும்போது மூட்டையைத் திருப்பிப் படிக்கிறோம். அவற்றினும் பன்மடங்கு விலையுள்ள பொருளை மட்டும் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிய ஒரு தொகையை நம்பி வாங்கிவிடுகிறோம்.

அந்தப் பெருக்கல் தரையை அளக்கிறது; வெப்பத்தை அளக்கவில்லை. வெப்பத்தை அளக்கும் கணக்கு ஒன்று உண்டு. அது கடினமானதன்று. அளவு நாடாவும் காகிதமும் பென்சிலும் இருந்தால், கூட்டலும் பெருக்கலும் அறிந்த எவரும் ஒரு மாலைப் பொழுதில் போட்டுவிடலாம். இப்பாடத்தின் நோக்கம் அக்கணக்கைக் கற்பிப்பதே.

இதனை வீண் சொகுசைப் பற்றிய பேச்சென்று ஒதுக்குவதற்கில்லை. பகல் முழுவதும் தறியிலோ வயலிலோ உழைத்தவருக்கு இரவு உறக்கம் கெட்டால் மறுநாள் வேலையும் கெடும். முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் கோடையின் தொடர்ந்த வெப்பம் உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு. 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது இதுபற்றியே. ஆதலின் குளிர்ச்சி வேண்டுமா என்பது கேள்வியன்று. அதனை எவ்வளவு செலவில், எந்த அளவில் பெறுவது என்பதே கேள்வி.

டன் என்பது யாது?

ஏ.சி. யந்திரத்தின் டன் என்பது அதன் எடையன்று. பனிக்கட்டியைக் கொண்டு குளிர்ச்சி பெற்ற காலத்தில் எழுந்த அளவு அது. 2,000 ராத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் திறனுக்கு ஒரு டன் என்று பெயர். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் எழுப்பப்பட்டதே. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பேட்டைக்கு நிலைத்துவிட்டது. இன்றைய அளவையில் ஒரு டன் ஏறத்தாழ 3,500 வாட் ஆகும். இனி நாம் வாட்டிலேயே கணக்கிடுவோம். டன்னுக்குக் கடைசியில் வரலாம்.

நெசவாளருக்கு இன்னொரு செய்தியும் சுவைக்கும். 'ஏர் கண்டிஷனிங்' என்னும் சொல்லே நூலாலையில் பிறந்தது. அமெரிக்கப் பருத்தி ஆலைகளுக்கு ஈரக்காற்று ஏற்பாடுகளை அமைத்து வந்த ஸ்டூவர்ட் கிராமர் என்பவர், நூலைப் பதப்படுத்துவதற்கு வழங்கி வந்த சொல்லைக் காற்றுக்கும் ஏற்றி 1906-இல் இப்பெயரை வழங்கினார். அவருடைய நோக்கம் மனிதரைக் குளிர்விப்பதன்று. இழை அறாமல் காப்பதே. இதன் பொருத்தம் தறிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

வரத்தும் இறைப்பும்

ஏ.சி. யந்திரம் குளிர்ச்சியை உண்டாக்குகிறது என்று எண்ணுவது வழக்கம். உண்மையில் அது அறைக்குள் புகுந்த வெப்பத்தை வெளியே இறைத்துக் கொட்டுகிறது. கிணற்றுக்கு மோட்டார் தேர்ந்தெடுக்கும் விவசாயிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கிணற்றின் விட்டத்தைப் பார்த்தா மோட்டாரின் குதிரைத்திறனை முடிவு செய்கிறோம்? ஊற்றின் வரத்தைப் பார்க்கிறோம். வரத்துக்கு மிஞ்சிய மோட்டார் கால் மணி நேரம் ஓடிக் கிணற்றை வற்றச் செய்து நின்றுவிடும்; பிறகு ஊறும் வரையில் காத்திருக்கும். வரத்துக்குக் குறைந்ததோ இரவும் பகலும் ஓடியும் நீர்மட்டத்தை இறக்காது. அறையும் அப்படியே. மணிதோறும் உள்ளே வரும் வெப்பம் எவ்வளவு என்று கண்டால், இறைக்க வேண்டியதும் அவ்வளவே.

அந்த வரத்து கூரை, சுவர், ஜன்னல், மனிதர், மின்சாதனங்கள், சந்து வழியே புகும் வெளிக்காற்று என்னும் வழிகளில் வருகிறது. மாதிரிக்கு ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள மேல்மாடி அறை அது. மேலே வெறும் கான்கிரீட் தளம். 12 அடிச் சுவர் மேற்கு நோக்கியது. அதில் 4 அடிக்கு 3 அடி கண்ணாடி ஜன்னல், மறைப்பு இல்லாமல். 10 அடிச் சுவர் ஒன்று தெற்கு வெளிச்சுவர். மற்ற இரண்டும் வீட்டின் உட்சுவர்கள். நால்வர் படுக்கும் அறை. கீழே தரும் எண்கள் நம் ஊர்க் கோடைக்குத் தோராயமாகப் பொருந்துவன. பொறியாளர் இன்னும் நுட்பமாகக் கணிப்பார். வீட்டுத் தேவைக்கு இவை போதும்.

கூரையே முதல் எதிரி. வெளியே காற்று 38 டிகிரியாக இருக்கும் சித்திரை வெயிலில், கறுத்த கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை நெருங்கிவிடும். வெறுங்காலுடன் மொட்டை மாடியில் வடகம் காயவைத்த பெண்மணிகள் இதற்குச் சாட்சி. அத்தளத்தின் வழியே சதுர அடிக்குச் சுமார் 10 வாட் வெப்பம் கீழே இறங்கும். 120 சதுர அடிக்கு 1,200 வாட். ஒரு கிலோவாட் மின் அடுப்பு ஒன்றைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு எரிப்பதை ஒக்கும் இது. அன்றியும் கான்கிரீட் வெப்பத்தை மெல்ல உண்டு மெல்லக் கக்கும் இயல்புடையது. பிற்பகலில் வாங்கிய வெயிலை அது மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரையில் நம் தலைமேல் இறக்குகிறது. வெளியே காற்றுக் குளிர்ந்த பின்னும் மாடி அறை புழுங்குவதற்குக் காரணம் இதுவே.

சிமெண்டு அட்டையோ தகரமோ வேய்ந்த கூரையானால் நிலைமை இன்னும் மோசம். சதுர அடிக்கு 16 வாட் என்று வைத்துக்கொள்க. அங்கே தாமதம் கிடையாது. வெயில் ஏறும்போதே வெப்பமும் ஏறும். சூரியன் சாய்ந்தால் விரைவில் ஆறிவிடும் என்பது ஒன்றே ஆறுதல்.

அடுத்தது சுவர். 9 அங்குலச் செங்கற்சுவர் மேற்கு நோக்கியிருந்தால் சதுர அடிக்கு 3 வாட், மற்றத் திசை வெளிச்சுவர்களுக்கு 2 வாட், குளிரூட்டப்படாத பக்கத்து அறையை ஒட்டிய உட்சுவருக்கு 1 வாட். நம் அறையில் ஜன்னல் நீங்கிய மேற்குச் சுவர் 108 சதுர அடி, 324 வாட். தெற்குச் சுவர் 100 சதுர அடி, 200 வாட். உட்சுவர்கள் 220 சதுர அடி, 220 வாட். கீழே வேறு அறை இருப்பதால் தரைக்கும் சதுர அடிக்கு 1 வாட் வீதம் 120 வாட். மண்மேல் நேரே அமைந்த தரையானால் இதைச் சேர்க்க வேண்டாம்.

ஜன்னல் அளவில் சிறியது, செயலில் பெரியது. மேற்கு வெயில் நேரே விழும் கண்ணாடி சதுர அடிக்கு 50 வாட் வரை உள்ளே விடும். 12 சதுர அடிக்கு 600 வாட். சுவர் முழுவதும் தருவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கை இந்தச் சிறு சதுரம் தருகிறது! உள்ளே திரை போட்டால் தீராதா என்பர். ஓரளவே தீரும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கி அறையிலேயே தங்கிவிடுகிறது. மறைப்பு வெளியே இருந்தால்தான் வெயில் வாசலிலேயே நிறுத்தப்படும்.

மனிதர் ஒவ்வொருவரும் 100 வாட், நால்வருக்கு 400. உறங்குவோர் சற்றுக் குறைவாகவும், தறி நெய்வோர் அதைப் போல் இரு மடங்கும் வெப்பம் விடுவர். மின்சாதனம் எதுவாயினும் அது உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் அறையிலேயே வெப்பமாகிறது. மின்விசிறி, விளக்கு, தொலைக்காட்சி ஆக 150 வாட். குளிர்ப்பெட்டியைப் படுக்கை அறையில் வைப்பவர்கள், அது தன் வயிற்றைக் குளிர்வித்து முதுகால் அறையைச் சூடாக்குகிறது என்பதை மறக்கலாகாது.

கடைசியாக வெளிக்காற்று. கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் மணிக்கு ஒரு முறையேனும் அறைக்காற்று முழுவதும் மாறிவிடும். புதிதாக வரும் காற்றின் சூட்டைத் தணிப்பதோடு வேலை முடிவதில்லை. அதில் கலந்த நீராவியையும் யந்திரம் நீராக்கிப் பிழிந்தெடுக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் இந்த இரண்டாம் வேலையே பெரிது. ஏ.சி.யின் குழாயில் மணிக்கு அரை லிட்டர் நீர் சொட்டுவது அந்த உழைப்பின் பயன். அறையின் ஒவ்வோர் 1,000 கன அடிக்கும் 300 வாட் என்று கொள்ளலாம். நம் அறை 1,200 கன அடி, 360 வாட்.

எல்லாவற்றையும் கூட்டினால் 3,574 வாட். ஒரு டன்னுக்குச் சற்றே மேல். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜன்னல் வெயில் உச்சமடைவது மாலை 4 மணிக்கு. கூரையின் வெப்பம் கீழே இறங்கி உச்சமடைவது அதற்குப் பின்னர். இரண்டையும் ஒரே வேளையில் நிகழ்வனபோல் நாம் கூட்டியிருப்பதால், கணக்கிலேயே ஓர் உபரி அடங்கியிருக்கிறது. "எதற்கும் இருக்கட்டும்" என்று மேலும் ஒரு கால் பங்கு கூட்டுவது வேண்டாத வேலை.

ஆனால் ஒரு கழிவு உண்டு. யந்திரத்தின் திறனை 35 டிகிரி வெளி வெப்பத்தில் சோதித்துத்தான் எழுதுகிறார்கள். வெளியே 42, 43 டிகிரி கொதிக்கும்போது அத்திறன் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். 3,500 வாட் யந்திரம் அன்றைக்கு 3,150 வாட்தான் இறைக்கும். ஆகவே நம் மாதிரி அறையை உள்ளபடியே வைத்துக்கொண்டால் ஒரு டன் போதாது. கடைக்காரர் சொன்ன ஒன்றரை டன்தான் வேண்டும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அறையை மாற்றிக்கொள்ளலாமே என்று சொல்வது அவர் தொழிலன்று. அதை நாம்தான் நினைக்க வேண்டும்.

முதலில் வரத்தை அடை

தளத்தின் விரிசல்களை அடைத்துவிட்டு, வெள்ளைச் சுண்ணாம்பைப் பசை சேர்த்து இரண்டு மூன்று முறை பூசினால், வெயிலின் பெரும்பகுதி மேலேயே திரும்பிப்போகிறது. கூரை வழி வரும் வெப்பம் ஏறத்தாழ பாதியாகும். வெயிலை எதிரொளிக்கும் பூச்சுகளும் வெள்ளை ஓடுகளும் கடைகளில் உள்ளன. விலை அதிகம், ஆயுளும் அதிகம். சுண்ணாம்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. தூசி படிந்து பழுத்துப் போனால் அதன் பலன் பெரிதும் குறைந்துவிடும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டு, அதன்மேல் தட்டோடு பதிக்கும் பழைய முறையும் நல்லதே. அது வெயிலைத் திருப்புவதில்லை, தடுத்துத் தாமதப்படுத்துகிறது. தெலங்கானா மாநிலம் 2023-இல் குளிர்கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை வகுத்து வெளியிட்டது.

காய்கறி நாற்றங்காலுக்கு நிழல் வலை கட்டும் விவசாயிகளுக்கு இன்னோர் எளிய வழி கைவசம் உண்டு. அதே வலையை மொட்டை மாடியில், தளத்துக்கு மேல் காற்றோட்டம் இருக்கும்படி மூன்று நான்கு அடி உயரத்தில் இழுத்துக் கட்டினால், தளம் வெயிலையே காணாது. காற்றில் பிய்ந்து போகாமல் நான்கு புறமும் உறுதியாகக் கட்ட வேண்டும். கீற்றுப் பந்தலும் நிழலில் குறைந்ததன்று. தீப்பொறிக்கு அஞ்ச வேண்டும்.

மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ, பலகை மறைப்போ, படர்கொடியோ அமைத்தால் அதன் வரத்து மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

இப்போது திரும்பக் கூட்டிப் பார்ப்போம். கூரை 1,200-லிருந்து 600. ஜன்னல் 600-லிருந்து 200. மொத்தத்தில் 1,000 வாட் குறைந்து 2,574 வாட் ஆயிற்று. உச்ச வெயிலில் 3,150 வாட் இறைக்கும் ஒரு டன் யந்திரமே இதற்குத் தாராளம். ஒன்றரை டன்னுக்கும் ஒரு டன்னுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைச் சுண்ணாம்புக்கும் தட்டிக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டுக் கொள்ளுமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம். அத்துடன், மின்சாரம் தடைப்பட்ட இரவில் யந்திரம் உதவாது. வெள்ளைக் கூரை அன்றும் உதவும். யந்திரம் வாங்கவே வசதியில்லாத வீட்டுக்கும் அது உதவும்.

இதே 120 சதுர அடி அறை நடுத்தளத்தில் இருந்து, மேலே இன்னோர் அறையும் இருந்தால் கூரைக்கு 1,200 வாட்டுக்குப் பதில் 120 வாட்தான். எதுவும் செய்யாமலே மொத்தம் 2,494. ஜன்னலை மறைத்தால் 2,094 வாட். ஒரே சதுர அடிக்கு 3,574-உம் வருகிறது, 2,094-உம் வருகிறது. சதுர அடியை மட்டும் கேட்டு டன்னைச் சொல்வதன் குறை இதனால் விளங்கும்.

பெரிதாக இருந்தால் என்ன கெடுதி?

பணம் இருப்பவர் பெரியதையே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை யந்திரம் அளவுக்கு மிஞ்சியதாக இருந்தால், சில நிமிடங்களில் காற்றைக் குளிர்வித்து நின்றுவிடும். சிறிது நேரத்தில் மீண்டும் புறப்படும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிவதற்குத் தொடர்ந்த ஓட்டம் வேண்டும். அது கிடைக்காமையால் அறை சில்லிட்டும் பிசுபிசுப்பாகவே இருக்கும். சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அடிக்கடி நின்று புறப்படுவதால் யந்திரமும் விரைவில் தேயும். வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இன்வர்ட்டர் வகையில் இக்கெடுதி பெருமளவு குறைவு. எனினும் அதன் வேகத்துக்கும் ஒரு கீழெல்லை உண்டு. கொடுத்த அதிக விலையும் திரும்பி வருவதில்லை.

கடையில் டன்னைப் பார்ப்பதைவிட, யந்திரத்தின் மேல் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டில் எழுதிய வாட் அளவைப் பாருங்கள். ஒரு டன் என்று விற்கப்படுபவை எல்லாம் ஒரே திறனுள்ளவை அல்ல. அச்சீட்டிலேயே திறன் விகிதமும் இருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை இறைக்கும் என்பதே அதன் பொருள். அந்த எண் கூடக் கூடச் செலவு குறையும். நம் மாநிலத்தில் நுகர்வு ஏற ஏற யூனிட் ஒன்றின் விலையும் படிப்படியாக ஏறுவதால், கடைசியில் சேரும் யூனிட்டுகளே விலை உயர்ந்தவை. ஏ.சி.யின் யூனிட்டுகள் அந்தக் கடைசியில்தான் சேர்கின்றன.

2020 ஜனவரி முதல், நட்சத்திரச் சீட்டுப் பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் 26 அல்லது 27 டிகிரியே உறக்கத்துக்குப் போதும். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. உடல்மேலுள்ள வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. ஆதலின் ஆளில்லா அறையில் விசிறி சுழல்வது வீண். 120 சதுர அடிக்கு 1,200 மில்லிமீட்டர் விசிறி ஒன்று ஏற்றது. பழைய விசிறி 75 வாட் உண்ணும் இடத்தில், மின்சாரச் சிக்கனமுள்ள புதிய மோட்டார் விசிறி சுமார் 30 வாட்டே உண்ணும்.

பொருத்தும்போது தனி மின்கம்பி, தனித் தடுப்புச் சுவிட்சு, முறையான எர்த் இணைப்பு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. விளக்குக்கு இழுத்த பழைய கம்பியில் ஏ.சி.யை மாட்டுவது தீவிபத்தை அழைப்பதாகும். வெளிப்பெட்டியை மூடிய சந்தில் வைத்தால், அது கக்கிய வெப்பக்காற்றையே மீண்டும் உறிஞ்சித் திணறும்.

தறிக்கூடத்துக்கு வேறு கணக்கு

படுக்கை அறைக்குச் சொன்னதைத் தறிக்கூடத்துக்குக் கொள்ளற்க. ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்துவிடுகிறது. பருத்திப் பாவுக்கோ ஈரம் வேண்டும். ஈரப்பதம் 70 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் பருத்தி இழை வலுவுடன் வளைந்து கொடுக்கும்; உலர்ந்தால் கஞ்சி உதிர்ந்து இழை அறும். நம் முன்னோர் குழித்தறி அமைத்துத் தரையோடு தரையாகப் பாவு இழுத்ததில் இந்த அறிவு அடங்கியுள்ளது. மண்ணின் ஈரமும் குளிர்ச்சியும் பாவுக்கும் காலுக்கும் ஒருங்கே கிடைத்தன.

அங்கே பொருந்துவது ஏர் கூலர் என்னும் ஈரக்காற்றுப் பெட்டியே. அதுவும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. எங்கே பொருந்தும் என்று அறிய ஒரு சோதனை உண்டு. இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றன் குமிழில் நனைந்த மெல்லிய துணியைச் சுற்றி விசிறுக. ஈரத்துணி சுற்றியது கீழே இறங்கி ஓரிடத்தில் நிற்கும். உலர்ந்ததற்கும் ஈரமானதற்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் முக்கால் பங்கை ஒரு நல்ல கூலர் குறைத்துத் தரும். கரூர், ஈரோடு போன்ற உள்நாட்டில் உலர்ந்த கோடைப் பிற்பகலில் காற்று 40 டிகிரியும் ஈரப்பதம் 25 சதவிகிதமும் இருக்குமானால், ஈர வெப்பமானி 24 டிகிரி காட்டும். வித்தியாசம் 16, முக்கால் பங்கு 12. ஆக, 28 டிகிரிக் காற்றுக் கிடைக்கும். பாவுக்கு ஈரமும் கிடைக்கும். சென்னையில் 36 டிகிரியும் 60 சதவிகித ஈரமும் உள்ள நாளில் ஈர வெப்பமானி 29-க்குக் கீழ் இறங்காது. கூலர் 31 டிகிரிக் காற்றைத் தந்து, புழுக்கத்தையும் கூட்டும். கடலோரத்தில் கூலர் வாங்கிவிட்டு வருந்துவோர் இந்தச் சோதனையைச் செய்யாதவரே. சங்கத்தில் இப்படி ஒரு ஜோடி வெப்பமானி வாங்கி வைத்தால் அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படும்.

கூலரின் அளவுக்குக் கணக்கு எளிது. அறைக்காற்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். 1,200 கன அடி அறைக்கு நிமிடத்துக்கு 600 கன அடி காற்று வீசும் கூலர் போதும். எதிர்ப்புறத்து ஜன்னல் திறந்திருப்பது கட்டாயம். மூடினால் அறை நீராவிக் குளியலாகிவிடும். வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வாசலில் தொங்கவிட்ட பழைய வழக்கமும் இதே தத்துவந்தான்.

மலைநாட்டு அங்கத்தினருக்கு

உதகமண்டலம், கோத்தகிரிப் பக்கத்தில் கிழங்கும் காரட்டும் பயிரிடுவோருக்குக் கணக்கு தலைகீழ். மார்கழி, தை இரவுகளில் அங்கே உறைபனி விழும். வெப்பம் வெளியேறுவதையே அளக்க வேண்டும். நம் மாதிரி அறையை அங்கே கொண்டு வைத்து, வெளியே 5 டிகிரியும் உள்ளே 18 டிகிரியும் கொண்டால், கூரை வழியும் வெளிச்சுவர், ஜன்னல், சந்துகள் வழியும் சுமார் 1,200 வாட் வெளியேறும். நால்வரின் உடற்சூட்டைக் கழித்தால் 800 வாட் எஞ்சும். ஆகவே 1,000 வாட் ஹீட்டர் போதும். 2,000 வாட் வேண்டியதில்லை. கூரையின் அடியில் பலகைத் தட்டு அடித்தால் அதுவும் குறையும். மின்சுருள் ஹீட்டர் எதுவாயினும், என்ன விலை கொடுத்து வாங்கினாலும், ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். வெப்பமும் தரவல்ல இருவகை ஏ.சி. யந்திரமோ, வெளி வெப்பத்தை உள்ளே இறைப்பதால், மிகக் கடுங்குளிர் அல்லாதபோது மூன்று யூனிட் அளவுக்குத் தரும்.

கரிக் கணப்புச் சட்டியை மூடிய அறையில் வைத்து உறங்குவது மட்டும் ஒருபோதும் கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உறங்குபவர் விழிப்பதற்குள் உயிரைப் போக்கிவிடும்.

பயிற்சிக் கணக்கு

14 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள கீழ்த்தள அறை. மண்மேல் நேரே அமைந்த தரை. சிமெண்டு அட்டைக் கூரை. 14 அடிச் சுவர் கிழக்கு வெளிச்சுவர். அதில் 12 சதுர அடி ஜன்னல், வெளியே தட்டி கட்டியது, அதன் வரத்து 200 வாட். 10 அடிச் சுவர் ஒன்று வடக்கு வெளிச்சுவர். மற்றவை உட்சுவர்கள். மூவர் உறங்குவர், மின்சாதனங்கள் 150 வாட். இவ்வறைக்கு எத்தனை வாட் யந்திரம் வேண்டும்? அட்டைக்குக் கீழே தட்டுக் கூரை அமைத்து, கூரை வழி வரும் வெப்பத்தைப் பாதியாக்கினால் எத்தனை? விடைகள்: முன்னது 4,006 வாட், பின்னது 2,886 வாட்.